கப்டனுக்கு வந்த வருத்தம்

— உக்காருங்க ஸஹாப்தீன் நானா. செக்கியூரிட்டிக்குக் குடுத்த கதிரதான். ஒடையாது, பயப்படாதீங்க.

— வேணாம் ராமர். மட்டக்குளியில ஈந்து வெள்ளவத்தைக்கு வந்ததே ஒன்னப் பாக்கத்தான். நம்மட குதிரக்கி வந்தது ஏற்புவலி இல்லயாம். றேணுகா டொக்டர் ரத்தத்த வெளிநாட்டுக்கு அனுப்பி, இப்பதான் ரிப்போட் வந்தீக்கிது.

— இல்லன்னு நான் அன்னைக்கே சொன்னேனே! வருசா வருசம் ஏற்பு ஊசிய நான்தானே போட வச்சேன்? கல்யாண மாப்பிள்ளைய முதுகுல வச்சிக்கிட்டு, மேளச் சத்தம் கேட்டதும் கப்டன் நடு ரோட்டுல மரமாட்டம் வெறச்சி நின்னுச்சே, அப்ப அத்தன பேருக்கு முன்னுக்கு என்னா சொன்னீங்க? காலுல ஆணி குத்துனத மறச்சிட்டான், ஊசி போடாம ஏமாத்திட்டான், கள்ளன்னு சொன்னீங்க.

— அந்தப் பேச்ச உடு ராமர்.

— எப்பிடிங்க விடுறது? பதினோரு வருசம்! எம் புள்ளைக்கிக் காச்சல்னு போன் வந்தும் அட்டன்ல வீட்டுக்குப் போகாம, அது பக்கத்துல படுத்துக் கெடந்தவன் நான். ரத்மலானையில குதிர வச்சிருக்கிறவங்களுக்கும் சொல்லிட்டீங்க, இவனச் சேக்காதீங்கன்னு. இப்ப அடுத்தவங்க காருக்குக் கேட்டத் தொறந்து விடுறேன்.

— தப்புத்தான். ஒத்துக்கிறன்.

— சரி, அதுக்கு என்னாதான் வருத்தமாம்?

— அதுட ரத்தமே அதுட நரம்ப எதிரின்னு நெனச்சி அடிக்கிதாம். அதால சதையெல்லாம் கல்லு மாதிரி இறுகுற. லேசுல ஒரு குதிரக்கும் வராத வருத்தமாம். சத்தம் கேட்டாலும், புது ஆள் தொட்டாலும் இன்னும் மோசம்.

— சொந்த ரத்தமேவா? ஐயோ பாவம், யாரத்தான் நம்பும் அது... நானா, அந்த ஊசி போட்ட கார்டு கெடச்சிச்சா? லாயத்துல பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சிருந்தேனே.

— கெடச்சிச்சி.

— எப்ப?

— நீ போன அண்டைக்கே.

— அன்னைக்கேவா? நாலு மாசமாத் தெரிஞ்சும் வாயத் தொறக்கலையா?

— ஊருக்கு முன்னுக்கு ஒன்னக் கள்ளன் எண்டு சென்ன பொறகு, பெய்த்து எப்பிடிச் செல்லுற, பொய் செல்லினது நான்தான் எண்டு? வெக்கமா ஈந்திச்சி.

— ஒங்களுக்கு வெக்கம். எனக்குச் சோறு போச்சு. வயிறு எரியுது நானா, மறைக்க மாட்டேன். ஆனா அது வாயில்லாத சீவன். மருந்து இருக்காமா?

— ஈக்கிது. தொடந்து குடுத்தா மெல்ல நடக்குமாம். ஆனா இனி மாப்பிள்ளய ஏத்தேலா. மேளத்துப் பக்கமே போகேலா.

— ஏத்த வேணாம், நடந்தாப் போதும். திங்குதா?

— ஒருத்தரயும் கிட்ட எடுக்குதில்ல. ஒனக்குப் பொறகு வச்ச புதுப் பொடியன் ஷிராஸ் கயித்துல கைய வச்சா, ஒடம்பெல்லாம் வேர்த்து வெறச்சிர்ற. தள்ளினாலும் அசையாது. ஒண்ட கொரல் ஒண்டுதான் அதுக்குத் தெரியும். அதான் ஒன்னத் தேடி வந்த.

— அத மொதல்லயே சொல்லக்கூடாதா! எங்கூட டியூட்டி செய்ற எட்வேட் அண்ணன் கேட்டப் பாத்துக்குவாரு. கழுத்துல கைய வச்சி, "வாடா கப்டன், வாடா ராசா"ன்னு மெதுவாக் கதைச்சா இறுக்கம் எறங்கிரும். ரெண்டு மாசம் குடுங்க, நான் நடக்க வச்சிக் காட்டுறேன். வாங்க நானா, பஸ் வருது... ஏன் நிக்கிறீங்க?

— ரெண்டு மாசம் வேணாம் ராமர். ஒழைக்காத குதிரக்கி மருந்துச் செலவு எனக்கேலா. பத்து அடி நடக்க வச்சாக் காணும். அதக் கொண்டு போய்க் கொல்லுறதுக்கு லொறி வந்து லாயத்து வாசல்ல நிக்கிது. ஒண்ட கொரல் கேட்டாத்தான் அது ஏறும்.