மரத்தில் கட்டிய பைக்

குன்னூரிலிருந்து குந்தா செல்லும் சனிக்கிழமை மாலைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். இளையவளின் மடியில் கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய் இருந்தது.

“பைக்கை மரத்துல கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேனுங்க அக்கா.”

“மாடாட்டவா?” என்றார் மூத்தவர்.

“மாடுன்னா சொன்னாக் கேக்குமுங்க. பின் சக்கரம் பஞ்சர். அதைக் கழட்டித்தான் கடைக்குக் கொண்டுபோகோணும். நட்டு துரு ஏறிப் புடிச்சுக்கிச்சு. மண்ணெண்ணெய் ஊத்திப் பாத்தேன், சுடுதண்ணி ஊத்திப் பாத்தேன். எங்க எஸ்டேட் லைன் வீட்டு வாசல் வேற ஒரே சரிவு. ஸ்பேனரைப் போட்டு இழுத்தா நட்டு வரல, வண்டிதான் ஸ்டாண்டோட கீழ வருது.”

“உம்பட ஊட்டுக்காரரு என்ன பண்றாரு?”

“மூணு தடவை இழுத்தாரு. நாலாவது தடவை, பஸ்ஸுல போயிக்கோன்னுட்டாரு. எனக்குப் புதுசாக் கெடைச்ச வேலை, திங்கக்கெழமை காலையில ஆறு மணிக்கு ஃபேக்டரியில நிக்கோணும். எங்களுக்கு மொத பஸ்ஸே ஏழு மணிக்குத்தானுங்க. மொத நாளே லேட்டாப் போனா, அந்த எடத்துக்கு ஆளா இல்லை?”

“அதுக்கு இந்தக் கொழாய் எதுக்கு கண்ணு?”

“ஸ்பேனர் கைப்பிடியில சொருகிட்டா நீளம் கெடைக்கும். வண்டியும் இனி நகராது. மேல ஏறி நின்னு மிதிக்கப் போறேன்.”

மூத்தவர் குழாயைத் தூக்கி எடை பார்த்தார். “அப்பவும் வரலீன்னா?”

அவள் குழாயைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாளைக்குக் காலையில பஸ்ஸுல சந்தைக்கு வருவீங்கல்ல அக்கா? எனக்கு எடம் போட வேண்டாம், நான் நின்னுக்கறேன். சக்கரத்துக்கு மட்டும் காலடியில கொஞ்சம் எடம் வையுங்க.”