வியாழக்கிழமைத் தோட்டம்

கொனாடு: கேமராவைத் திருப்புடா. வாரத்துல ஒரே லீவு நாள்... அதையும் உன் மூஞ்சியைப் பார்க்கவா ஹாம்பர்க்லேர்ந்து செலவழிக்கிறேன்? தோட்டத்தைக் காட்டு.

போவாட்டெங்: இதோக்கா... எல்லாம் உன் மரவள்ளிதான். என் தலைக்கு மேல போயிருச்சு.

கொனாடு: ஏன் இன்னிக்கு இவ்வளவு தூரத்துல நின்னு காட்டுற?

போவாட்டெங்: வெளிச்சம் இங்கதான் நல்லா...

கொனாடு: ஆளுங்க எங்க?

போவாட்டெங்: சாப்பிடப் போயிருக்காங்க.

கொனாடு: போன வாரமும் சாப்பிடத்தான் போயிருந்தாங்க. நான் கூலி குடுக்கிறது கிழங்கை வேகவச்சு ஃபூஃபூ இடிச்சுத் திங்கிறதுக்கா?

போவாட்டெங்: பசிக்காதாக்கா அவங்களுக்கு...

கொனாடு: நான் கூப்பிடுறப்ப மட்டும் பசிக்குது. சரி, ஒரு கிழங்கைப் பிடுங்கு. எப்படி இறங்கியிருக்குன்னு பார்க்கிறேன்.

போவாட்டெங்: இப்பவா?

கொனாடு: இல்ல, என் சாவு வீட்டுல வேக வைக்கிறப்ப காட்டு.

போவாட்டெங்: கையில மண்வெட்டி இல்லக்கா...

கொனாடு: விவசாயி கையில மண்வெட்டி இல்ல. நல்லாருக்கு. கீழ் வீட்டுல ஒரு கானாக்காரி இருக்கா, நம்ம அக்ராதான். அவ தம்பியும் இப்படித்தான், யாரோட தோட்டத்திலயோ நின்னு போன்ல காட்டிக்கிட்டே இருந்தானாம்.

போவாட்டெங்: நானும் அப்படின்னு சொல்றியா?

கொனாடு: இல்லேன்னா பிடுங்கு. நான் சேர்த்தது மொத்தமும் அந்த மண்ணுக்குள்ளதான்டா கிடக்கு. பிடுங்க முடியலேன்னா சொல்லு, வித்துடுறேன்.

போவாட்டெங்: ...இன்னிக்கு என்ன கிழமைக்கா?

கொனாடு: பேச்சை மாத்தாத. வியாழன்.

போவாட்டெங்: உன்னை வீட்டுல 'யா'ன்னுதானே கூப்பிடுவாங்க, ஏன்?

கொனாடு: வியாழக்கிழமை பிறந்தவளை வேற எப்படிக் கூப்... ஐயோ... டேய்.

போவாட்டெங்: பூமித்தாயும் உன்னை மாதிரி வியாழக்கிழமைக்காரிதான். இன்னிக்கு அவளுக்கு ஓய்வு. ஊர்ல ஒருத்தன் தோட்டத்துக்குள்ள கால் வைக்க மாட்டான்.

கொனாடு: அம்மா நம்மளைக் காட்டுப் பக்கமே விடமாட்டா... எனக்கு எப்படிடா மறந்துச்சு? நீ ஏன் முதல்லயே சொல்லல?

போவாட்டெங்: எப்படிச் சொல்றது? மாமா பையன் உன் கோழிப்பண்ணையை எப்படி முழுங்கினான்? இன்னிக்கு சாவு, நாளைக்குத் திருவிழான்னு சாக்கு சொல்லியே. நீயும் நாள் கிழமைன்னு ஆரம்பிச்சா பணம் அனுப்புறதை நிறுத்திருவேன்னு சொன்னியா இல்லையா? வியாழன்தான் எனக்கு லீவு, அன்னிக்குத் தோட்டத்துல நின்னு காட்டணும்னு சொன்னியா இல்லையா?

கொனாடு: சொன்னேன்...

போவாட்டெங்: அதான் நின்னேன்.

கொனாடு: வாராவாரம் தனியாவா? யாரும் பார்க்கலியா?

போவாட்டெங்: தண்ணி எடுக்கப் போன ஒருத்தி பார்த்துட்டா. ஓய்வு நாள்ல காட்டுல நின்னு தனியா பேசுறான், பாவம் புத்தி பேதலிச்சிருச்சுன்னு முதல்ல அழுதாளாம். அப்புறம் பெரியவங்ககிட்ட போய்ச் சொல்லிட்டா. அதான் இன்னிக்கு உள்ள வரல, பாதையில நின்னு காட்டுறேன்.

கொனாடு: பெரியவங்க என்ன சொன்னாங்க?

போவாட்டெங்: விடுக்கா.

கொனாடு: சொல்லுடா.

போவாட்டெங்: அறுவடையை நிறுத்திட்டாங்க. ஆடு அறுத்து மண்ணை சமாதானம் பண்ற வரைக்கும் ஒரு கிழங்கு வெளிய வரக்கூடாதாம். அதுவோ முத்திக்கிட்டே இருக்கு... நார் பாஞ்சிருச்சுன்னா மாவு மில்லுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

கொனாடு: ஒரு ஆடுதானே? இன்னிக்கே வாங்கு.

போவாட்டெங்: அன்னிக்கே வாங்கிட்டேன். வாசல்ல நின்னு என் சட்டையைத் தின்னுக்கிட்டிருக்கு.

கொனாடு: அப்புறம் என்ன?

போவாட்டெங்: நான் குடுத்தா செல்லாதாம். நிலத்துக்காரி சொல்லித்தானே மிதிச்ச, அவளே கயிறைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கட்டும்கிறாங்க. உனக்கு எங்க லீவு கிடைக்கப் போகுது... அதான் உன்கிட்ட சொல்லவே இல்ல. விளைஞ்சது போனா போகட்டும், உன் வேலையாவது நிலைக்கட்டும்னு...

கொனாடு: எந்த வேலைடா?

போவாட்டெங்: அக்கா? என்ன சொல்ற?

கொனாடு: நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தை மூடிட்டாங்கடா, பனி விழ ஆரம்பிச்சப்பவே. அப்பலேர்ந்து எனக்கு எல்லாக் கிழமையும் லீவுதான். வேற நாள்ல கூப்பிட்டா நீ ஏன்னு கேட்டுருவியேன்னுதான் வியாழக்கிழமையாப் பார்த்துக் கூப்பிட்டுக்கிட்டிருந்தேன்... ஆட்டை அவிழ்த்து விட்டுராத, நான் வர்றேன்.