மலையை விரும்பாதவருக்கு ஒரு சிவப்புப் புள்ளி

இந்த இரங்கல் அவைக்குத் தலைமை தாங்கும் பெருமகனார் தோவ் ஹெங்ஜாங் அவர்களே! அவருக்கு வலப்புறம் அமர்ந்து, அவர் தலையசைக்கும்போதெல்லாம் தாமும் அசைத்துக்கொண்டிருக்கும் நம் வெண்மூங்கில் கல்விச்சாலையின் புதிய தலைவர் அவர்களே! இடப்புறம் கண்மூடித் தியானத்திலோ உண்ட மயக்கத்திலோ ஆழ்ந்திருக்கும் தாவோ மடத்து முதல்வர் அவர்களே! ச்சிங்ஷி மாவட்டத்தின் படித்த பெருமக்களே! முன்வரிசையில் வெள்ளை உடுத்தி அமர்ந்திருக்கும், மறைந்தவரின் துணைவியார், லுவான் வீட்டு அண்ணியார் அவர்களே! எல்லோரையும் வணங்குகிறேன். அண்ணியாரை மட்டும் மனதார வணங்குகிறேன்.

வாசலில் ஒருவர் பெருங்குரலில் அழுதுகொண்டிருக்கிறார். இடையிடையே அவர் குரல் என் பேச்சை அமுக்கிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

நான் கெங் ஜுவோ. மறைந்த பேராசான் லுவான் ஷிச்சென் அவர்களோடு இந்தக் கல்விச்சாலையில் ஒரே மேசையில் அமர்ந்து பழங்கவிதை பாடம் சொன்னவன். இன்று எனக்கு இரண்டு வேலை. கடைசியாகப் பேச வேண்டும். அவர் ஆவி வந்து தங்கிப் படையல் ஏற்கும் ஆவிப் பலகையில், பெயருக்கு மேலே, நண்பர்கள் சூட்டும் சிறப்புப் பெயரையும் எழுத வேண்டும். அதன் பிறகு மாவட்டத்தின் மூத்த பட்டதாரியான தோவ் பெருமகனார் சிவப்புத் தூரிகையால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி விழும்வரை அது வெறும் மரக்கட்டைதான். அண்ணியார் அதன்முன் சோறு படைத்தாலும் உண்ண ஆள் வராது.

பெருமகனார் முன்பே சொல்லியனுப்பிவிட்டார். 'மலையை விரும்பிய தூயவர்' என்று எழுதினால்தான் தம் தூரிகை நனையுமாம்.

மலையை விரும்பினாராம்! யார்? நம் லுவானா? இந்த மண்டபத்துப் படி ஏறவே என் தோளைப் பிடித்துக்கொண்ட மூட்டுவலிக்காரரா? மூடுபனி இறங்கினால் மதியம்வரை தும்மிக்கொண்டிருந்த மனிதரா? "தம்பி, மலைய ஜன்னல்ல இருந்து பாரு, அழகா இருக்கும். மேல ஏறிப் பாரு, வெறும் சளிதான்" என்று என்னிடம் சொன்னவரா?

எனக்கு முன்னால் பேசிய பெருமக்கள் கொக்கு என்றார்கள், மேகம் என்றார்கள், பைன் மரக் காற்று என்றார்கள். தண்ணீரைப்போல் தாழ்ந்து ஓடித் தாவோவில் கலந்துவிட்டார் என்றார் ஒருவர். என்ன கற்பனை! என்ன துணிச்சல்! காலையிலிருந்து நீங்கள் பறக்கவிட்ட கொக்குகள் எல்லாம் உட்கார்ந்தால் இந்தக் கூரை தாங்குமா? அவர் ஏன் மலைக்குப் போனார் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

பெருமகனாரின் தந்தை இறந்தபோது, கன்பூசிய நெறி சொன்னபடி மகன் மூன்றாண்டு கல்லறை ஓரத்துக் குடிசையில் தங்கிக் கஞ்சி குடித்துத் துக்கம் காத்தார் என்று ஊரே புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் லுவானும் ஒருவர். ஒரு மழை நாளில் வணக்கம் சொல்ல அங்கே போனார். குடிசைக்குள் அழுகுரல். கல்லும் கரையும் குரல். நம் ஆசான் நனைந்தபடி வெளியே நின்று, உருக்கமாக ஓர் ஆறுதல் கவிதையைச் சொன்னார். அழுகை சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"ஐயா, சாப்பாடு கொண்டாந்தீங்களா?"

"தோவ் ஐயாவா பேசறது?"

"அவரு எங்க இங்க இருக்காரு! ஏரிக்கரை மாளிகையில இருக்காரு. என் பேரு நியூங்க. கூலிக்கு அழறவன். ஆள் நடமாட்டம் கேட்டா அழணும்னு உத்தரவு. நீங்க நின்னுக்கிட்டே இருந்தா நானும் அழுதுக்கிட்டே இருக்கணும். தொண்டை போகுதுங்க, கொஞ்சம் நகர்றீங்களா?"

பெருமகனார் ஏன் விசிறியை வேகமாக வீசுகிறார்? இன்னும் வெயில் காலம் வரவில்லையே!

துக்கம் முடிந்தது. பெருமகனார் 'என் ரத்தக் கண்ணீர்' என்று ஒரு கட்டுரை எழுதினார். மாவட்ட இலக்கியத் தொகுப்பில் பிள்ளைக் கடமைக்குச் சான்றாக அதைச் சேர்க்கச் சொன்னார். தொகுப்பாளர் லுவான். தொகுப்பு வந்தது, கட்டுரை வரவில்லை. இதே மண்டபத்தில், நீங்கள் எல்லோரும் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருக்க, பெருமகனார் கேட்டார்.

"என்ன லுவான், என் கட்டுரையக் காணோமே?"

"பத்திரமா வெச்சிருக்கேங்க. அருமையான நடை. அடுத்த பதிப்புல போட்டுடலாம். பேரு மட்டும் மாத்தணும்."

"என்ன பேரு?"

"அழுதவன் பேரு. நியூன்னு போட்டுடறேன்."

யாராவது சிரித்தீர்களா? இல்லை. யாராவது துணைக்கு எழுந்தீர்களா? அதுவும் இல்லை. கோப்பைக்குள் தேயிலை எப்படி மிதக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தீர்கள். சில நாளில் லுவானின் வேலை போனது; கல்விச்சாலையில் அவர் தங்கியிருந்த அறையிலிருந்து வீசப்பட்ட படுக்கை முற்றத்தில் கிடந்தது. ஊரில் எந்த வீட்டைக் கேட்டாலும் அது தோவ் குடும்பத்து வீடு. மிச்சம் இருந்தது மலைமேல் ஒரு பழைய காவல் குடில். அவர் மலையேறிய கதை இதுதான் பெருமக்களே! இதில் கொக்கு எங்கே வந்தது?

ஆனால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? ஆளுக்கொரு பிரியாவிடைக் கவிதை எழுதி அனுப்பினீர்கள். நல்ல தாள், நல்ல மை. 'உலகப் புழுதியை உதறிய பேறு பெற்றவரே!' அந்தக் குடிலின் கூரை ஒழுகியது. எவரும் ஓர் ஓடு அனுப்பவில்லை. அண்ணியார் பசை காய்ச்சி, உங்கள் கவிதைகளை எல்லாம் ஜன்னலில் ஒட்டினார். நான் போயிருந்தபோது லுவான் அதைத் தட்டிக் காட்டினார். "பாத்தியா தம்பி! முதல் தடவையா இவங்க கவிதை ஒரு வேலை செய்யுது. காத்து வரல."

அங்கேயும் அவர் எனக்குப் பாடம்தான் சொன்னார். நம் பழைய இலக்கியத்தில் இரண்டு குரல் உண்டு. கடமையைச் செய், பெரியவரை மதி என்பது கன்பூசிய நெறியின் குரல். பற்றை விடு, பட்டம் பதவியை விடு என்பது தாவோவின் குரல். நீங்கள் இரண்டையும் எப்படி வைத்திருக்கிறீர்கள்? வெயிலுக்கு விசிறி, குளிருக்குக் கம்பளி! பதவி இருந்தால் கடமை பேசுவீர்கள். போய்விட்டால் மேகம் பேசுவீர்கள். அடுத்தவன் பதவியைப் பிடுங்கினாலோ, அவனுக்கும் சேர்த்து நீங்களே மேகம் பாடிவிடுவீர்கள்!

லுவான் சொல்வார்: "பழைய கவிஞன் எவனும் சும்மா வயலுக்குப் போகல தம்பி. யார்கிட்டயோ முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் போனான். அந்த முடியாதுங்கறத அழிச்சிட்டு மேகத்த மட்டும் வெச்சுக்கிட்டா, அது கவிதையா? ஜன்னல் திரை."

தந்தையிடமும் அரசனிடமும்கூடத் தவறைத் தவறென்று சொல்வதுதான் மரியாதை என்பது பழைய கன்பூசிய நூல்களின் பாடம். இந்த மாவட்டத்தில் அதைக் கடைப்பிடித்தவர் யார்? படுக்கை முற்றத்தில் கிடந்த அன்று அதிலேயே படுத்துக் குறட்டை விட்டுத் தூங்கினாரே, அதுவல்லவா பற்றற்ற தாவோ? இரண்டும் அவரிடம் இருந்தன. அவரை இன்று பங்கு போட வந்திருக்கும் உங்களிடம் இரண்டில் ஒன்றாவது உண்டா?

இரண்டாம் குளிர்காலத்தை அவர் நெஞ்சு தாங்கவில்லை. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. என் அண்ணனைப் போன்றவர் ஈரத்திலும் இருமலிலும் செத்தார். நீங்கள் அதற்கு ஓர் அழகான பெயர் வைக்கப் பார்க்கிறீர்கள்!

நேற்று அண்ணியார் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அவரு ஆசப்பட்டு மலைக்குப் போனாருன்னு எழுதாதீங்க தம்பி. அப்படி எழுதினா அந்தப் பலகைய அடுப்புல வெச்சிடுவேன். ஆனா புள்ளி வைக்காம விட்டுடாதீங்க. அவரு எங்க போயி சாப்பிடுவாரு?"

ஆகவே லுவான் விட்டுப்போன பணியை நான் எடுத்துக்கொள்கிறேன். தொகுப்பின் அடுத்த பதிப்பை நான் கொண்டுவருவேன். பெருமகனாரின் கட்டுரை அதில் உண்டு, லுவான் சொன்ன பெயரிலேயே. கல்விச்சாலைத் தலைவர் கவலைப்பட வேண்டாம். என் படுக்கையை நானே முற்றத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். வேலையாட்களுக்கு எதற்கு வீண் சிரமம்?

இதோ பலகை. எழுதிவிட்டேன். மையும் காய்ந்துவிட்டது. கடைசி வரிசைக்கும் கேட்கட்டும், படிக்கிறேன்: 'தலையாட்டாத தூயவர் லுவான் ஷிச்சென்.'

தோவ் பெருமகனாரே, எழுந்து வாருங்கள். கூடிய அவை முன் பலகைக்குப் புள்ளி வைக்காமல் போவது சடங்கை மீறுவதாகும். நீங்களோ பிள்ளைக் கடமையின் சான்று! தயக்கமா? பரவாயில்லை, அதற்கும் வழி உண்டு. வாசலில் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாரே, நீங்கள் இன்று காலை அனுப்பிவைத்த ஆள், அது லுவான் எனக்குச் சொன்ன அதே கல்லும் கரையும் குரல். நியூ அவர்களே, அழுதது போதும், உள்ளே வாருங்கள்! மூன்றாண்டு இவருடைய தந்தைக்கு மகனாக இருந்தவர் நீங்கள். தோவ் குடும்பத்தின் சார்பில் புள்ளி வைக்க உங்களைவிட உரிமையுள்ளவர் யார்?

தூரிகையை நனைத்துவிட்டேன். சொல்லுங்கள் பெருமகனாரே. நீங்களா, அவரா?