கருவாட்டு அறையில் பூட்டி வைத்த பெருநாள் துணிப் பை

பெயர் யாக்கூப், வயது 64, த/பெ. காலஞ்சென்ற செய்யது மீரா, கடைத்தெரு, மணமேல்குடி, புதுக்கோட்டை மாவட்டம். தொழில் வீட்டு முன்புறத்திலேயே கருவாட்டு வியாபாரம். பார்சல் கொண்டுவரும் சரவணக்குமார் பதினொரு பார்சல்களுடன் பையைக் களவாடிவிட்டதாக அவருடைய அலுவலகம் கொடுத்த மனு தொடர்பாக, யாரும் அழைக்காமல் நானாகவே 02.04.2025 காலை 10.30 மணிக்குக் காவல் நிலையம் வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் மனைவி ஹவ்வா உம்மாள், கடைசி மகள் ஆஃப்ரீன் (வயது 20) ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு கருவாடு மடிக்க வந்த பழைய செய்தித்தாள்களில் நானாகத் தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் தெரியாது. மூத்த மகள்கள் நான்கு பேருக்கும் ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரே துணித் தானில் வெட்டித் தைத்துக் கொடுத்தேன். அவர்கள் எதையும் கேட்டதில்லை. ஆஃப்ரீன் இந்த வருடம் கேட்டாள். அவளுக்கு நிச்சயம் முடிந்துவிட்டது, எங்கள் வீட்டில் அவளுக்கு இது கடைசிப் பெருநாள்.

அவள் கேட்டது ஷராரா என்ற உடுப்பு. மேல்சட்டை, துப்பட்டா, முட்டிக்குக் கீழே பாவாடை போல விரியும் கால்சட்டை என மூன்று துணி கொண்டது. அவளே போனில் பச்சை நிறத்தில் பார்த்து வைத்தாள், நான் சரி என்றேன். 29.03.2025 அன்று 28ஆம் நோன்பில் சரவணக்குமார் ஒரு பார்சல் கொடுத்துப் போனார். பிரித்துப் பார்த்ததில் மேல்சட்டையும் துப்பட்டாவும் இருந்தன, கால்சட்டை இல்லை. அதன் பிறகு அதில் போட்டிருந்த விற்பனைக்காரர் எண்ணுக்கு ஆஃப்ரீனை விட்டு ஐந்து முறை பேசச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுத்து, வரும் என்று சொன்னார்கள். எப்போது என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாள் 30.03.2025 மாலை சுமார் 4.30 மணிக்குச் சரவணக்குமார் எங்கள் எதிர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அப்போது தெருவில் வேறு ஆள் இல்லை. நான் போய்ப் பின்சீட்டில் இருந்த பையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் என்னைத் தொடவில்லை, தடுக்கவில்லை. “பாய், ஒங்க வீட்டுக்கும் இதுல ஒண்ணு இருக்குங்க, பைய விடுங்க, எடுத்துத் தாரேன்” என்றார். இதே பதிலை நேற்றிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்ததால் நான் நம்பவில்லை. இன்று பிறை தெரிந்தால் நாளை பெருநாள், எல்லாப் பிள்ளைகளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார். இருபத்திரண்டு வருடமாகப் பிறையை நானே காலண்டரில் பென்சிலால் கணக்குப் போட்டு வருகிறேன். இந்த முறை முப்பது நோன்பு என்று குறித்திருந்தேன். “நாளைக்கும் நோன்புதான் தம்பி. எம்மக கால்சட்டையக் கொண்டாந்து குடுத்துட்டுப் பையத் தூக்கிட்டுப் போங்க” என்று சொல்லி, பையைக் கடைக்குப் பின்னால் உள்ள கருவாட்டு அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பு வாரில் செருகிக்கொண்டேன். சரவணக்குமார் வெறும் வண்டியோடு போனார்.

அதன் பிறகு சுமார் 6 மணிக்குப் பார்சல் அலுவலகத்திலிருந்து ஆஃப்ரீன் போனுக்கு ஒருவர் பேசினார். பை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, என் பொருள்தான் உங்களிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன். சொன்னது பொய். நாற்பது வருடம் தராசு பிடித்த கடையில் உட்கார்ந்து, நோன்பு வாயோடு சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆஃப்ரீன் என்னிடம் போனை வாங்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு பள்ளிவாசலில் நோன்பு திறந்து தொழுதுவிட்டு இருக்கும்போது, பிறை தெரிந்ததாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். “அத்தா, சாவியத் தாங்க. லேபிளப் படிச்சுப் பாக்குறேன். நம்ம பேரும் இருக்கும்” என்று ஆஃப்ரீன் கேட்டாள். அடுத்தவர் பார்சலில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி மறுத்துவிட்டேன். பார்சல் அலுவலகத்துக்குத் திரும்பப் போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் எதிர் வீட்டு அப்துல் நாசர் என்னைத் தழுவிக்கொண்டே, “மாமா, பார்சல்காரன் பையோட கம்பி நீட்டிட்டான். எம்புள்ளைக போன வருசத்துத் துணியில நிக்குதுக” என்றார். சுற்றி நின்ற நாலைந்து பேரும் அதையே சொன்னார்கள். பை என்னிடம் இருப்பதைச் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் ஆஃப்ரீன் பச்சை மேல்சட்டைக்குக் கீழே கல்லூரிக்குப் போடும் வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தபோது வட்டலப்ப இனிப்புத் தட்டைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தாள்.

01.04.2025 மாலை சரவணக்குமாரின் மனைவி திலகவதி என் கடைக்கு வந்தார். கணவரைக் காலையிலிருந்து நிலையத்தில் உட்கார வைத்திருப்பதாகவும், வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. “யாக்கூப் பாய் இல்லைன்னா இல்லைதான்னு ஊரே சொல்லுதுங்க. இவுக சொல்றத யாரு நம்புவா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு இன்று காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ஏட்டு நாகராசு அவர்கள் மேசை மேல் வைத்தேன். திறந்தபோது அறை முழுவதும் கருவாட்டு வாடை அடித்தது. பதினொரு பார்சல்களும் பிரிக்கப்படாமல் இருந்தன. ஏட்டு லேபிள்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். ஏழாவதில் என் மகள் பெயரும் என் முகவரியும் இருந்தன. சரவணக்குமார் சுவர் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏட்டு, “தவறுதலா எடுத்து வச்சிட்டேன்னு எழுதிக்கிடுவோம் பாய், ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல” என்றார். நான் சம்மதிக்கவில்லை. தெரிந்தே எடுத்தேன், தெரிந்தே பூட்டினேன், கேட்டபோது தெரிந்தே பொய் சொன்னேன். சரவணக்குமார் மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஒரே உடுப்பை இரண்டாகப் பிரித்து அனுப்பி, ஐந்து முறை கேட்டும் பதில் சொல்லாத விற்பனைக்காரர் மேல் எனக்குள்ள புகார் அப்படியே இருக்கிறது. அதற்குத் தனி மனு தருவேன்.

என் மகளுக்கு உரியதை இப்போதே எடுத்துப் போகலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். மற்ற பத்துப் பார்சல்களையும் சரவணக்குமார் கையில் கொடுங்கள். வாடைக்கு நான் அந்தந்த வீட்டில் பதில் சொல்லிக்கொள்கிறேன். என் வீட்டுப் பார்சலை அவர் வண்டியில் கொண்டு வந்து என் வாசலில் நின்று கொடுத்தால்தான் வாங்குவேன். அதற்கு அவர் வேலையில் இருக்க வேண்டும். அதுவரை அது இந்த நிலையத்திலேயே இருக்கட்டும்.

இதை ஏட்டு படித்துக் காட்டக் கேட்டேன், நானும் ஒரு முறை படித்தேன். ‘தவறுதலாக’ என்று எழுதியிருந்த ஓரிடத்தை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்திலும் கையெழுத்துப் போட்டுள்ளேன். மீதி நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது உண்மை.

(ஒப்பம்) செ. யாக்கூப்
02.04.2025