ஐந்தாம் குழுவின் இன்வெர்ட்டர்

என் பெயர் கமெயாமா தெத்சுரோ, வயது 63. ஜப்பானின் மியாசாகி மாவட்டத்துக் கடலோரத்தில் குடியிருக்கிறேன். வேளாண் கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறு வீடுகள் கொண்ட எங்கள் அக்கம்பக்கக் குழுவுக்கு, அதாவது ஐந்தாம் குழுவுக்கு, மூன்றாண்டுகளாக நான்தான் தலைவர்.

புயல் வந்தால் மின்சாரம் போய்விடும் என்பதால் ஆறு வீட்டிலும் சூரியத் தகடும் பேட்டரியும் உண்டு. சென்ற ஏப்ரலில் பழைய இன்வெர்ட்டர்களைச் சேர்ந்தாற்போல் மாற்ற முடிவு செய்தோம். தேர்ந்தெடுத்தவன் நான். பாதுகாப்புச் சான்றின் நகலைக் கேட்டதற்கு, பின்னால் வரும் என்றார் விற்பனையாளர். மேலும் கேட்டால் அவரைச் சந்தேகிப்பதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு, வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்பு அட்டையில் 'சான்று பெற்றது' என்று எழுதி, கையெழுத்துக்குப் பதிலாக வீட்டுக்கு வீடு குத்தும் பெயர் முத்திரையில் முதலாவதை நானே குத்தி அனுப்பினேன். தலைவர் முத்திரை விழுந்தால் எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்பதில்லை. மறுநாளே மற்ற ஐந்து முத்திரைகளும் விழுந்து அட்டை திரும்பி வந்தது.

ஜூனில் இன்வெர்ட்டர் பெட்டிகள் வந்தன. பக்கவாட்டில் இருக்க வேண்டிய சான்று எண் எதிலும் இல்லை. இது சான்று இல்லாத பெட்டி என்று அன்றே எனக்குத் தெரிந்திருந்தது. எழுதியதைத் திரும்பப் பெற முகமில்லாமல் சும்மா இருந்தேன்.

அதன் பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு ஒதகிரி ஃபுமியே அம்மாள் வந்தார். தனியாக இருப்பவர், தையல் வேலை செய்கிறவர்.

"தலைவரே, உங்க பெட்டில அந்தச் சான்று ஒட்டியிருக்கா? என்னோடதுல தேடித் தேடிப் பார்த்துட்டேன், காணோம்."

"நான் முத்திரை குத்தினது போதாதாம்மா?" என்றேன்.

கேட்டதற்காக அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு என் வீட்டுப் பெட்டியை மட்டும் அணைத்து வைத்தேன். இதைச் சொல்லவே நாக்கு கூசுகிறது.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி பிற்பகல் அவர் வீட்டுப் பொருளறையில் இன்வெர்ட்டர் தீப்பிடித்தது. அறையும் சமையற்கட்டும் எரிந்தன. தையல் இயந்திரத்தை வெளியே இழுக்கப் போய் அவருடைய வலது கை வெந்தது. பெட்டி பக்கத்தில் துணிகளை வைத்திருந்தீர்களா என்று தீயணைப்புக்காரர்கள் கேட்க, வைத்திருப்பேன் போலிருக்கிறது என்றார். அதன் பிறகு தெரு முழுக்க அவருடைய கவனக்குறைவு என்றே பேச்சு. நானும் தலையாட்டினேன்.

நேற்றுக் காலை, தீப்பிடித்த வீட்டார் செய்கிற வழக்கப்படி, அவர் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். கட்டுப் போட்ட கையோடு என் வாசலில் இனிப்புப் பெட்டியை நீட்டிக் குனிந்து நின்றார்.

"எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன் தலைவரே. உங்களுக்கும் என்னால தலைகுனிவு."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "இனிமேலாவது பார்த்து இருங்கம்மா" என்றும் சொன்னேன்.

அதன் பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. இன்று விடிந்ததும் மற்ற நான்கு வீடுகளுக்கும் போய்ப் பெட்டிகளை அணைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

மேற்கண்டதை அலுவலர் எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில் 'சந்தேகம் இருந்தது' என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டு 'தெரிந்திருந்தது' என்று எழுதச் சொன்னேன், எழுதினார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கமெயாமா தெத்சுரோ