மெத்தடோனுக்கு ஏது சந்திராஷ்டமம்?

தலைமை தாங்கும் மகளிர் குழுத் தலைவி செல்வம்மாள் அவர்களே! மருந்தோடு மனத்தெம்பையும் அளந்து தரும் செவிலியர் பிரவீணா அவர்களே! கொள்ளிடக் கரையோரம் நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்ற நினைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மருத்துவன் என்ற பெயரையே தாங்கித் திருமழபாடியில் வீற்றிருக்கும் வைத்தியநாதப் பெருமானை வணங்கித் தொடங்குகிறேன்.

என் பெயர் வேணி. எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. எழுத்தை நான் விடவில்லை. என் கணவர் வீரமணி, ரெட்டிபாளையத்தில் மூட்டை ஏற்றுகிறவர். அதோ, நான்காம் வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறார். "எல்லாத்தையும் சொல்லு வேணி, என் பேரையும் சேத்துச் சொல்லு" என்று அவரேதான் என்னை மேடையேற்றினார்.

இடுப்பு வலிக்கு ஒரு மாத்திரை. ஒன்று இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், எலும்பு முறுக்கும், உட்கார முடியாது, படுக்க முடியாது. வலியைக் கொல்ல வந்தது வாழ்வையே கொல்லப் பார்த்தது! அந்த இருட்டில்தான் டவுன் போதை மீட்புச் சிகிச்சை மையத்தில் மெத்தடோன் கிடைத்தது. தினம் ஒரு வேளை, செவிலியர் கண்ணெதிரே குடிக்கும் தண்ணீர் மருந்து.

என்ன அண்ணே, அங்கிருந்து கேட்கிறீர்கள்? அதுவும் போதைதானே என்கிறீர்களா? மறைக்க மாட்டேன், அபின் இனத்து மருந்துதான். அளவு மீறினால் மூச்சையே நிறுத்தும். அதனால்தான் அளந்து தருகிறார்கள். அளவோடு தந்தால் உடம்பு நாள் முழுக்க அடங்கி நிற்கிறது. மாத்திரை தேடி அலைந்த கால், வேலைக்கு நடக்கிறது. இது போதையா, பிழைப்பா? நீங்களே சொல்லுங்கள்!

நன்றாகத்தான் போயிற்று. ஒரு நாள் பிரவீணா, "அண்ணே, நாளையிலேருந்து தண்ணி மருந்துக்குப் பதிலா மாத்திரைங்க. மருந்து அதேதான், அளவும் அதேதான்" என்றார். வீட்டுக்கு வந்தவர் முகம் கறுத்துவிட்டது.

"மாத்திரையாலதான கெட்டேன் வேணி, திரும்பவும் மாத்திரையா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? தைரியம் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? நாள்காட்டித் தாளைப் பார்த்தேன்! அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். "ரெண்டு நாள் கழிச்சு நல்ல நேரத்துல ஆரம்பிச்சுக்கலாங்க" என்றேன். ஒரு நாள் போனது. மறுநாள் முற்பகல், கொட்டாவி மேல் கொட்டாவி, சட்டை நனைய வியர்வை. எழுந்து செருப்பை மாட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மா, கடைத்தெருவுக்கு."

"கடைத்தெருவுல யாரப் பாக்க?"

"கேக்காத வேணி. அந்தப் பழைய மாத்திரை ஒரு அட்டை. ஒரே ஒரு அட்டை."

தாய்மார்களே, அந்த ஒரு அட்டையில் என் குடும்பமே இருந்தது! அவர் கையைப் பிடித்தேன். ஆறு மாதமாகக் கட்டிய வீட்டை இரண்டே நாளில் இடித்தவள் நான்தானே? பஸ் ஏறினோம்.

"நேத்து எங்கங்க ஆளையே காணும்?" என்றார் பிரவீணா.

"ஊர்ல ஒரு சாவுங்க" என்று இவர் இழுத்தார்.

"பொய்ங்க. சந்திராஷ்டமம்னு நான்தான் நிறுத்துனேன்."

"ஏங்கக்கா, தலைவலி மாத்திரையும் நல்ல நேரம் பாத்தா போடுறீங்க?"

சிரியுங்கள் அம்மா, நன்றாகச் சிரியுங்கள்! நானும் அன்று அழுதுகொண்டே சிரித்தேன். உண்மையைச் சொன்னது நல்லதாயிற்று. விட்ட நாளை மறைத்துப் பழைய அளவையே வாங்கிச் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார் மருத்துவர். இவரைச் சோதித்துப் பார்த்துத்தான் அன்று மாத்திரையைத் தந்தார்.

எதையும் எழுதி வைக்கிறவள் நான். கிழித்த நாள்காட்டித் தாளின் பின்பக்கம் அவர் தூங்கிய மணி, வியர்வை, கொட்டாவி, சாப்பாடு என்று தினமும் குறித்து வந்தவள். தண்ணீர் மருந்தின் கடைசி முப்பது தாள், மாத்திரையின் முதல் முப்பது தாள், கூடத்தில் எதிரெதிராகப் பரப்பி இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மாத்திரையின் முதல் மூன்று நாள் தூக்கம் குறைவு. அதற்குப் பிறகு? அதே தூக்கம், அதே பசி, அதே வேலை! "அப்ப பயம் எனக்குத்தான் இருந்துருக்கு, மருந்துல இல்ல" என்றார் அவர்.

இது ஒரு வீட்டுக் கணக்கு மட்டுமே. உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். பாட்டிலில் வந்தாலென்ன, அட்டையில் வந்தாலென்ன? கரைந்து வந்தாலென்ன, காய்ந்து வந்தாலென்ன? சரியான அளவா, தினமும் தவறாமலா, இதைக் கேளுங்கள்! சாமியைக் கும்பிடுங்கள், கும்பிட்ட கையால் மருந்தையும் வாங்குங்கள். மருத்துவன் என்று பெயர் வைத்துக்கொண்ட சாமி, மருந்தை வேண்டாம் என்பாரா?

நாளை காலை ஏழு மணி பஸ்ஸில் நாங்கள் இருவரும் மையத்துக்குப் போகிறோம். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படித் தவித்தால் அழைத்து வாருங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடே வாருங்கள். பக்கத்தில் உட்கார என் கணவர் இடம் பிடித்து வைப்பார். அதோ பாருங்கள், தலையை நிமிர்த்திவிட்டார்! கைதட்டல் எனக்கு வேண்டாம், அவருக்குத் தட்டுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.