பழைய பேங்க் கடிகாரத்துக்குக் கீழே

பெண்ணின் அப்பா: ஐயோ... சம்மந்தி! நீங்களா? இந்த ஐரிஷ் பப்லயா?

பையனின் அப்பா: நான் சும்மா... கட்டடத்தைப் பாக்க வந்தேன். அந்தக் காலத்து பேங்க்காமே?

பெண்ணின் அப்பா: நானும் கட்டடம்தான்! தூணைப் பாருங்க, என்னா உசரம்!

பையனின் அப்பா: தூணு சரி. அதுல யாரு பச்சை பெயின்ட்ல இலை வரைஞ்சது?

பெண்ணின் அப்பா: அயர்லாந்துல அது ராசியான இலை... அப்படின்னு யாரோ சொன்னாங்க.

பையனின் அப்பா: ஓஹோ. கையில என்ன கிளாஸு?

பெண்ணின் அப்பா: எலுமிச்சை ஜூஸ்! சத்தியமா! மோந்து பாருங்க.

பையனின் அப்பா: மூக்குல ஊத்திடாதீங்க, நம்பறேன்! காலடியில என்ன பை?

பெண்ணின் அப்பா: அதுவா... கொஞ்சம் ஆணி.

பையனின் அப்பா: கட்டடம் பாக்க எதுக்குங்க ஆணி?

பெண்ணின் அப்பா: உங்க பைகூடத்தான் கீழ வெச்சப்போ 'டக்'னுச்சு!

பையனின் அப்பா: பேச்சை மாத்தாதீங்க. அந்த இரும்புக் கதவுக்கு உள்ள என்ன, பிடில் சத்தம்?

பெண்ணின் அப்பா: பழைய லாக்கர் ரூமு. இப்ப அங்க டான்ஸ் கிளா... எனக்கென்ன தெரியும்!

பையனின் அப்பா: அப்ப உங்க காலு ஏன் தாளம் போடுது?

பெண்ணின் அப்பா: எங்க? ...ச்சே, சனியன் புடிச்ச காலு!

பையனின் அப்பா: சம்மந்தி. என்னைப் பாத்துச் சொல்லுங்க.

பெண்ணின் அப்பா: சொல்லிடறேன்... கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க. எம்பொண்ணு உங்க பையன் மேல உசுரையே வெச்சிருக்கா. நான் இங்க டான்ஸ் கத்துக்கறேன். பையில இருக்கறது ஆட்டத்துக்குப் போடற, அடியில ஆணி அடிச்ச ஷூ. வீட்ல மூட்டுவலி வைத்தியம்னு சொல்லிட்டு வரேன்.

பையனின் அப்பா: கல்யாணம் பேச வந்தப்போ, ஆட்டம் பாட்டம்னாலே ஆகாதுன்னீங்களே?

பெண்ணின் அப்பா: நீங்கதானே முதல்ல ஆரம்பிச்சீங்க! சம்பந்தம் கைவிட்டுப் போயிடுமோன்னு நானும் மண்டைய ஆட்டிட்டேன். கல்யாணத்துல பாட்டே கிடையாதுன்னு முடிவாச்சே, அன்னைக்கு எனக்கு சோறு இறங்கல!

பையனின் அப்பா: அது கிடக்கட்டும்... ஆடப் போகாம இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?

பெண்ணின் அப்பா: என் ஜோடிக்குக் காலு சுளுக்கிடுச்சு. புது ஆள் ஒருத்தர் வருவாரு, இந்தப் பழைய பேங்க் கடிகாரத்துக்குக் கீழ இருங்கன்னு டீச்சர் சொன்னாங்க. யாரு வராங்களோ... நீங்க எதுக்கு சிரிக்கறீங்க?

பையனின் அப்பா: எனக்கும் இதே கடிகாரத்தைத்தான் சொன்னாங்க! ஆட்டம் பாட்டம் ஆகாதுன்னு நான் சொன்னது, அன்னைக்கு உங்க மூஞ்சி உம்முன்னு இருந்துச்சேன்னு பயந்துபோய் விட்ட பொய்யிங்க... எந்திரிங்க, ஷூவ மாட்டுங்க. அப்புறம், உங்களுக்கு மூட்டுவலி, எனக்கு முதுகுவலி. எங்க வீட்ல மாத்தி உளறிடாதீங்க!